அக்கா வள்ளத்துக்குப் பாய் தைத்த கதை

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம்.

செத்த வீட்டுக்கு வந்த உங்களில் பலர், முற்றத்து வேம்பின் கீழ் தறப்பாள் போர்த்திக் கிடந்த வள்ளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். வயல் செய்யும் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து, தையல் மெசினுக்கு முன்னால் வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணுக்கு வள்ளம் எதற்கு? நானும் அதை அக்காவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். கோயில் ஐயரிடம் நேர்த்திக்கடன் என்றார். சந்தையில் மீன் விற்கும் மனிசியிடம், இனி உன்னிடம் மீன் வாங்கமாட்டேன் என்று பகிடி விட்டார். அக்கா மீன் மச்சம் சாப்பிடாதவர் என்பது அந்த மனிசிக்கும் தெரியும். எனக்குச் சொன்ன பதிலைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் அக்கா யார் என்று சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், கச்சாய்க் கடலுக்குப் போகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பெண்கள், அக்கா மூத்தவர். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வீட்டில் ஒருவரும் அதில் இறங்கியதில்லை. மாரியில் உவர்நீர் வயலுக்குள் ஏறிவிடுமோ என்ற கவலை ஒன்றுதான் எங்களுக்கும் கடலுக்கும் இருந்த உறவு.

சிறு வயதிலேயே அக்காவுக்கு எதையும் பிரித்துப் பார்க்கும் குணம். எங்களைப் பெற்ற ஐயாவின் கலியாணச் சட்டையின் கையைப் பிரித்துப்போட்டு, வளைந்த துணியும் நேரான துணியும் எப்படிச் சுருக்கம் விழாமல் பொருந்தின என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடி வாங்கினார். அடுத்த நாள் அந்தக் கையைத் தானே திரும்பத் தைத்தும் கொடுத்தார். படிப்பை முடித்தபின் சாவகச்சேரியில் தையல் பழகி, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தவர் அவர்தான். அக்காவைக் கட்டிய அத்தான் அயலூர்த் தச்சர். கதவும் யன்னலும் அவருடைய வேலை. அவர் செய்த கதவு மாரியிலும் இறுகாது என்று ஊரில் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரே மகள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போரில் ஊரே இடம்பெயர்ந்தது. கிளாலிக் கரையில் வள்ளம் ஏறினோம். பாதி வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. விடிந்துகொண்டிருந்தது, வெளிச்சம் வந்தால் கடற்படையின் கண்ணில் பட்டுச் சூடு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் தேவாரம் சொன்னார்கள், சிலர் செபமாலை சொன்னார்கள். வள்ளக்காரர் யாரிடமோ ஒரு சீலையை வாங்கி இரண்டு தடிகளுக்கு நடுவே கட்டி நிமிர்த்தினார். வாடைக்காற்று அதை நிரப்ப, வள்ளம் தெற்கே நகரத் தொடங்கியது. கரை கிட்டும்போது அக்கா, மடியில் பிள்ளையோடு, அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணை, காத்து முன்னாலை இருந்து அடிச்சால் என்ன செய்வியள்?”

“அதுக்கும் போகலாம் தங்கச்சி.”

“எப்பிடி?”

“இறங்கு தங்கச்சி, கரை வந்திட்டுது” என்றார் அவர்.

காற்றுக்கு எதிராகக் காற்றாலேயே எப்படிப் போவது? அக்காவுக்கு அந்தப் பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

ஊர் திரும்பியபின் அத்தான் வீட்டு வளவைத் துப்புரவாக்கும்போது மிதிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக்கால் பொருத்தினார்கள். கொஞ்சக் காலம் கதிரையில் இருந்தபடியே வேலை செய்து பார்த்தார். பிறகு உளிகளைத் துடைத்து, எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். அறைக்குள் இருக்கத் தொடங்கியவர் அங்கேயே இருந்துவிட்டார். அக்கா தையலால் குடும்பத்தைக் கொண்டுபோனார். மகளைத் தாதியாக்கினார். மகள் வவுனியாவில் வேலைக்குப் போனபின், வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் மெசின் சத்தமும்தான். நான் தபாற்கந்தோர் வேலையால் ஓய்வு பெற்று அவர்களோடு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஒருநாள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று ஒட்டுப்பலகைகளோடு படலைக்கு வந்து நின்றது. அக்கா அவற்றை முற்றத்தில் விரித்து, தையற் சோக்கட்டியால் சட்டைக்கு வரைவதுபோல வளைவுகள் வரைந்தார். எங்கேயோ ஒரு படத்தில் பார்த்த வடிவம். பிறகு கைவாளை எடுத்து அறுக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் எனக்கே பொறுக்க முடியாமல் இருந்தது. தச்சருக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தான் கதவடிக்கு வந்து நின்றார்.

“என்னப்பா செய்யிறீர்?”

“வள்ளம்.”

அத்தான் பலகையைப் பார்த்தார். “வாளை உப்பிடிச் சரிச்சுப் பிடிச்சால் விளிம்பு பிஞ்சுபோகும். இஞ்சை தாரும்.”

அவரை வெளியே கொண்டுவரத்தான் அக்கா அப்படிப் பிழையாக அறுத்தாரோ என்று பின்னொரு நாள் கேட்டேன். வாளை எப்படிப் பிடிப்பது என்று உண்மையாகவே தனக்குத் தெரியாது என்றார்.

பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து இழுத்தால் அவை வளைந்து வள்ளமாகும். பிறகு மூட்டுகளில் கண்ணாடியிழைப் பைபர் பூசிவிட்டுக் கம்பியை வெட்டி எடுக்கலாம். இப்படி ஒரு முறை இருப்பதாகக் கேள்விப்பட்டபோது, இது தன்னுடைய வேலைதானே என்று அக்கா சிரித்தார். பைபர் பூசக் குருநகரிலிருந்து வள்ளம் கட்டும் தம்பி ஒருவர் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்தார். மாதா படம் ஒன்றை வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஒட்டிவிட்டுப் போனார். அதன் பக்கத்தில் அக்கா பிள்ளையார் படத்தை ஒட்டினார்.

உடல் முடிந்தது. இனி அதை ஓடவைக்கவேண்டும். உண்மையான பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பாய்மரத்துக்கு முதலில் இரும்புக் குழாய் வைத்தார்கள். தரையில் நிற்கும்போதே வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நல்ல முற்றிய மூங்கிலாக வந்தது. இருக்கைப் பலகையில் ஒரு துளை, அடியில் ஒரு குழிக்கட்டை. மூங்கிலை மேலிருந்து இறக்கினால் நிற்கும், வேண்டாதபோது உருவலாம். பாயை மேலேற்றும் கயிற்றுக்குப் பழைய கிணற்றுக் கப்பியைக் கட்டிப் பார்த்தார்கள். அது தலைப்பாரமாக இருந்தது. மூங்கிலின் உச்சியில் கட்டையொன்றைச் செருகி, துளையிட்டு, உள்ளே மெழுகு தேய்த்தார் அத்தான். கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது.

துடுப்புத் தண்டு வலிக்கும் ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. வலிக்கக் கைதானே வேண்டும், கால் எதற்கு என்றுதான் அக்காவும் நானும் நினைத்திருந்தோம். அது பிழை. காலை ஊன்றி உந்தாவிட்டால் தண்டில் பலம் வராது. முற்றத்து மண்ணில் வள்ளத்தை வைத்து வலித்துப் பார்த்தபோதே அத்தானின் செயற்கைக்கால் வழுக்கியது. அவர் தண்டைக் கீழே வைத்துவிட்டார்.  அக்கா ஒரு புத்தகப்பையின் வாரை வெட்டி, கால் ஊன்றும் பலகையில் செருப்பு வார்போல அடித்து, காலை அதற்குள் விடச் சொன்னார். இறுக்கமாக இருந்தது. பிரித்துத் திரும்ப அடித்தார். கால் நின்றது. தண்டுகள் வைக்கும் இடத்தில் அத்தான் மரமுளைகள் செதுக்கினார். தண்டு தேயாமலிருக்க அக்கா பழைய கைப்பைத் தோலைச் சுற்றித் தைத்தார்.

பாய் அக்காவின் பொறுப்பு. தறப்பாள் துணியை நாற்சதுரமாக வெட்டி, சுற்றிவர மடித்துத் தைத்து, கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள் அடித்தார். மேல் விளிம்பை ஒரு குறுக்குக் கம்பில் கட்டினார். திரைச்சீலைபோல மிக நேர்த்தியாக இருந்தது.

மேற்குப் பக்கமிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு காலைப்பொழுது, கடற்றொழிலாளர் சங்கத்தில் சொல்லி, வலை விரித்திருக்கும் பக்கம் போகமாட்டோம் என்று உறுதி கொடுத்து, மூன்று பேரும் ஏறினோம். பாய் நிரம்பியது. வள்ளம் கிழக்கே ஓடியது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் வீடு மேற்கே. திரும்பவேண்டும் என்றபோது வள்ளம் திரும்பவில்லை. அணியத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நண்டுபோலப் பக்கவாட்டில் கிளாலிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பாயை இறக்கிவிட்டு அத்தான் தண்டு வலித்தார். காற்றுக்கு எதிராக அவரால் முடியவில்லை. கண்டல் பற்றைக்குப் பக்கத்தில் சேற்றில் ஏறி இருந்துவிட்டோம். வெயில் ஏறியபின் இயந்திர வள்ளத்தில் வந்த ஒருவர் எங்களைக் கண்டார்.

“உதென்ன அக்கா, தொட்டிலோ?” என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் கயிற்றைப் போட்டு இழுத்துவந்து விட்டார்.

ஊர் சிரித்தது. செய்தி வவுனியா வரை போனது. மகள் முதல் பஸ்ஸில் வந்திறங்கினாள். அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆசுப்பத்திரியில் ஒவ்வொரு நாளும் அவள் பார்ப்பவற்றை நாங்கள் பார்ப்பதில்லை. ஒரு காலோடு இருக்கும் தகப்பனை, நீந்தத் தெரியாத தாய் கடலுக்குக் கொண்டுபோவதா என்று கேட்டாள். உடனே அதை வெட்டி அடுப்புக்குப் போடவேண்டும் என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.  அறை வாசலில் இருந்து அத்தான் சொன்னார்.

“மகள், அதை நான் செய்தனான். வெட்டுறதெண்டால் நான்தான் வெட்டவேணும். நான் வெட்டமாட்டன்.”

தான் செய்த ஒரு பொருளைப் பற்றி அத்தான் வாய் திறந்து எத்தனை ஆண்டுகள்! மகள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து நிபந்தனைகள் போட்டாள். கரையில் நிற்பவர்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக்கூடாது. அங்கிகளை அவளே வாங்கி அனுப்பினாள். வள்ளம் கவிழ்ந்தாலும் தாழாமலிருக்க, வாய் இறுக்கிய வெறுங்கலன்களை இருக்கைகளுக்குக் கீழே கட்டினோம். இடுப்பளவு தண்ணீரில் அதை வேண்டுமென்றே கவிழ்த்து, மிதக்கிறதா என்று அவளுக்குக் காட்டியபின்தான் அவள் பஸ் ஏறினாள்.

அடுத்து நடந்ததை அயலவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா ஒரு தென்னம்பாளையில் துணித்துண்டைப் பாயாகக் குத்தி, கிணற்றடித் தொட்டியில் மிதக்கவிட்டார். கிணற்றடிக்கு வயர் இழுத்து மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து வைத்தார். மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒன்றாக வைத்ததற்கு அத்தானிடம் நல்ல பேச்சு விழுந்தது. காற்றாடியைத் தூர வைத்துக்கொண்டு ஒரு கிழமையாகப் பாளையோடு மினக்கெட்டார். பாளை எப்போதும் பக்கவாட்டிலேயே வழுக்கியது. பிறகு அதன் ஓரத்தில் நான் கோடு போடும் அடிமட்டத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாகச் செருகினார். பாளை கொஞ்சம் தயங்கியது. பிறகு காற்றாடியை நோக்கிச் சரிவாக நகர்ந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் கண்ணால் கண்டேன். காற்று வரும் திசைக்குக் கிட்டப் போனது.

“பக்கத்தாலை வழுக்க விடாமல் பிடிச்சால், அதுக்கு முன்னுக்குப் போறதைத் தவிர வேறை வழி இல்லை” என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல.

அத்தான் கதவுக்கென்று வைத்திருந்த முதிரைப் பலகையை அறுத்து, வள்ளத்தின் இரு பக்கமும் தொங்க இரண்டு பலகைகள் செய்தார். காற்றுப் போகும் பக்கத்துப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். திரும்பும்போது அதைத் தூக்கி மற்றதை இறக்கவேண்டும். அது என் வேலையானது.

அப்படியும் ஏதோ போதவில்லை. வள்ளம் முன்போல வழுக்கவில்லை; ஆனால் இழுவையும் இல்லை. அக்கா பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் யாரோ ஒரு பெண் கலியாணச் சட்டை அளவு கொடுக்க வந்தாள். அவளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். உடம்பு தட்டையில்லை என்பதால்தானே சட்டைக்கு மடித்து டாட் பிடிக்கிறோம், காற்று மட்டும் தட்டையா என்று கேட்டார். பாயின் விளிம்புகளில் டாட் பிடித்துத் தைத்தார். கொடியில் தொங்கும்போது பார்க்க அலங்கோலமாக இருந்தது. ஆனால் காற்றுப் பட்டதும் உள்ளங்கைபோலக் குழிந்து நின்றது.

மீண்டும் ஒரு சோளகக் காலை. அத்தான் சுக்கானில், அக்கா பாய்க்கயிற்றில், நான் பலகைகளில். கிழக்கே கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, கரையில் நின்ற ஒற்றைப் பனையொன்றைக் குறியாக வைத்துத் திரும்பினோம். பனை எங்களுக்கு மேற்கே, காற்று வரும் பக்கம். சரிவாகத் தெற்கே போனோம்.

“இப்ப திருப்புங்கோ” என்றார் அக்கா.

பாய் படபடத்து, மற்றப் பக்கம் போய் நிரம்பியது. நான் ஒரு பலகையைத் தூக்கி மற்றதை இறக்கினேன். சரிவாகக் கரையை நோக்கி வந்தோம். மறுபடி தெற்கே, மறுபடி கரைக்கு. எதுவும் நடப்பதுபோலத் தெரியவில்லை. பிறகு நான் பனையைத் தேடினேன். அது எங்களுக்குப் பின்னால், கிழக்கே நின்றது. அதை அத்தானுக்குக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “கண்டீரோ அப்பா?” என்று அக்காவிடம் கேட்டார்.  அக்கா பாய்க்கயிற்றை என் கையில் தந்துவிட்டு, வெளியே கையை விட்டு ஓடும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

அன்று கரையேறியபின்தான் நான் கேட்டேன்: இவ்வளவும் அத்தானுக்காகவா?

“பாதி” என்றார் அக்கா. “மற்றப் பாதி எனக்கு. எனக்குத் தெரியவேணும் போலை இருந்தது.”

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். இதை விடப் பெரிய காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

அதன்பின் சில நல்ல ஆண்டுகள் இருந்தன. அத்தான் பரணிலிருந்து உளிகளை இறக்கினார். கதவு கேட்டு ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். பின்னேரங்களில் அவர்கள் இருவரும் வள்ளத்தைச் சில்லு வண்டியில் ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போவதை ஊர் பார்த்துப் பழகிவிட்டது.

பிறகு அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகின. இரத்தம் சுத்திகரிக்கப் பெரியாசுப்பத்திரிக்குப் போய் வருவதே வாழ்க்கையாகிவிட்டது. வள்ளத்தில் ஏற முடியாமற் போனபோது, கரையில் கதிரை போட்டு இருந்துகொண்டு அத்தான் தனியே ஓடுவதைப் பார்த்தார். கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, உள்ளே இருந்தபோது தெரியாதது வெளியே இருந்தால் தெரிகிறது என்றார். பாயின் மேல்மூலை மடிகிறதாம். அது காற்றைச் சிந்துகிறதாம். கையில் ஊசி ஏற்றிய வீக்கத்தோடு ஒரு தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். அத்தான் ஓட்டிக் காட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் தளத்தவேணும்” என்றார்.

அதைத் தளர்த்த அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. ஆசுப்பத்திரியில், மகள் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். கீரிமலையில், தடியை ஊன்றி அத்தானே படியிறங்கி அஸ்தியைக் கடலில் கரைத்தார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், துயரில் தோள் கொடுத்த ஒழுங்கை அயலவர்களுக்கும், சமைத்துத் தந்த பெண்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பூசை ஒன்றை ஒப்புக்கொடுத்துவிட்டுச் செத்த வீட்டுக்கு வந்த குருநகர்த் தம்பிக்கும், அன்று சேற்றிலிருந்து எங்களை இழுத்துவந்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லாமல் விடுபட்டவர்கள் மன்னிக்கவேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். முடிவில், ‘அக்கா அச்சமென்பதே அறியாதவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அதை வெட்டு பிள்ளை. அவவுக்குத் தண்ணியெண்டால் சரியான பயம். ஒவ்வொருக்காலும் வள்ளத்திலை ஏறேக்கை என்ரை கையைத்தான் பிடிப்பா, கை சில்லிட்டுப்போயிருக்கும். ஒருநாளும் பயம் விட்டதில்லை. பயந்து பயந்துதான் ஏறினவ. அதை எழுது.”

எழுதிவிட்டேன், அத்தான்.